பாஸ்தோ பெட்டியில் இருப்பது அரக்கா? (கொலம்பிய ஓவியம் பற்றிய இழை)

#1 நாணல்குச்சி

வேறொரு குழுவில் நேற்று கண்ணில் பட்டது. வரிக்கு வரி அப்படியே தருகிறேன்:

"கொலம்பியாவில் ஓவியம் பிறந்தது 1956இல், போட்டேரோ மாண்டலின் வரைந்த அன்று. அதற்கு முன் இருந்ததெல்லாம் ஐரோப்பிய அச்சுப்படங்களைப் பார்த்து வரைந்த சாமி படங்களும், ஜப்பானைப் பார்த்துப் பாஸ்தோ ஊரில் செய்த அரக்குப் பெட்டிகளும்தான்."

அப்போ 1638இல் பொகோட்டாவில் பிறந்த கிரெகோரியோ வாஸ்கெஸ் யார்? 1783இல் தாவரவியலாளர் முத்திஸ் தொடங்கிய தாவர ஆய்வுப் பயணத்தில் 6,000க்கும் மேற்பட்ட படங்களை வரைந்தவர்கள் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்களா? 1939இல் தெபோரா அரங்கோ நிர்வாண ஓவியங்களை மாட்டி மெடெல்லின் ஊரையே கூச்சல்போட வைத்தாரே, அது எந்தக் கணக்கு? எழுதினவருக்கு யாராவது பதில் சொல்லுங்கள். எனக்கு வயிறு எரிகிறது.

#2 தூரிகைத்தூசி

மற்றதை அப்புறம் பார்க்கலாம். "அரக்கு" என்று எழுதிய மகராசன் யார்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பாஸ்தோவில் இருப்பது அரக்கு இல்லை. அது மோப்பா-மோப்பா. புத்துமாயோ காட்டில், மொகோவா பக்கம் வளரும் ஒரு மரத்தின் இலைமொட்டில் ஊறுகிற பிசின். மரத்தின் பெயர் எலியேஜியா பாஸ்தோயென்சிஸ், காப்பிச் செடிக்குப் பங்காளி. அரக்கு என்பது பூச்சி போடுவது. பூச்சி எங்கே, மொட்டு எங்கே?

#3 கரிக்கோல்

மகராசன் வந்துவிட்டேன். எழுதியது நான்தான்.

தூரிகைத்தூசி சார், தமிழில் பளபளப்பாகப் பூசுவது எல்லாமே அரக்குதான். கடுதாசி உறையில் சீல் வைத்தாலும் அரக்கு, மரப்பொம்மைக்கு மெருகு ஏற்றினாலும் அரக்கு. ஜப்பான் காரர் மரப்பாலில் செய்வதையும் அரக்கு என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஊர்க்காரர்களே அதை "பர்னிஸ்" என்கிறார்கள், அதாவது வார்னிஷ். அவர்களுக்கே இல்லாத கோபம் உங்களுக்கு எதற்கு?

#4 தூரிகைத்தூசி

வாழைக்காயும் காய், ஜாதிக்காயும் காய். ரெண்டையும் சேர்த்துக் கூட்டு வைப்பீர்களா?

"பூசுவது" என்றீர்கள் பாருங்கள், இடறி விழுந்த இடம் அதுதான். பாஸ்தோவில் பிசினைப் பூசுவதே இல்லை. எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். படித்துவிட்டும் அரக்கு என்றால் அப்புறம் உங்கள் விருப்பம்.

மொட்டுப் பறிப்பு வருஷத்துக்கு இரண்டு தடவை. காட்டுமரம், தோட்டத்துப் பயிர் கிடையாது. பறித்த மொட்டுகளை அமுக்கிக் கட்டியாக்கிப் பாஸ்தோவுக்குக் கொண்டுவருகிறார்கள். கட்டி கல் மாதிரி இறுகியிருக்கும், சுத்தியலால்தான் உடைக்க வேண்டும். உடைத்த துண்டைக் கொதிநீரில் போட்டால் இளகும். இளகியதை வெளியே எடுத்து அடித்து, இழுத்து, உள்ளே இருக்கும் இலை நரம்பு, பட்டைத் துணுக்கு, மண் எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். ஆறினால் இறுகிவிடும், மறுபடி கொதிநீர், மறுபடி அடி. ஒரு தடவையில் தீராது, நாலைந்து சுற்று வரும். முன்பு இந்த வேலையை வாயில் போட்டு மென்றே செய்தார்கள். இப்போது இறைச்சி அரைக்கிற கைமெஷினில் விட்டு எடுக்கிறார்கள். சுத்தமான பிசின் கொஞ்சம் பச்சை ஓடிய நிறத்தில் நிற்கும்.

அடுத்தது சாயம். பொடியைப் பிசினில் வைத்து, சப்பாத்தி மாவு மாதிரி நிறம் ஒன்றுபோல் பரவும்வரை பிசைய வேண்டும். முன்பு செடிச் சாயம், மண் சாயம், பூச்சிச் சாயம். இப்போது கடைப்பொடி.

அதற்கப்புறம்தான் விஷயமே. சாயமேற்றிய உருண்டையைச் சுடுநீரில் இளக்கி, இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு கையும் பல்லுமாகக் கவ்வி நாலாபக்கமும் இழுக்கிறார்கள். பிசின் விரிந்து விரிந்து கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சவ்வாகும். ஊர்க்காரர் அதைத் "துணி" என்றுதான் சொல்கிறார்கள். நீர் ஆறிப்போனால் ஓரத்தில் கிழியும். சூடு கூடினால் சவ்வு தன்மேல் தானே ஒட்டிச் சுருண்டுகொள்ளும், பிரிக்க முடியாது, திரும்பவும் உருண்டையாக்க வேண்டியதுதான். சுத்தம் செய்யும்போது ஒரு நார் தப்பியிருந்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும், ஓட்டையிலிருந்து கிழிசல் ஓடும்.

அந்தச் சவ்வைக் கூர்க்கத்தியால் பூவாக, கிளியாக, இலையாக வெட்டி, சூடுகாட்டி மரத்தின்மேல் ஒட்டுகிறார்கள். பசை கிடையாது. சூடுதான் பசை. தூரிகை இல்லை, டப்பா இல்லை, "கோட்டிங்" இல்லை.

இதில் அரக்கு எங்கே இருக்கிறது? விரல்விட்டுக் காட்டுங்கள்.

#5 மஞ்சாடி

அருமையான விளக்கம். ஆனால் சண்டைக்கு முன்னால் "அரக்கு" என்ற சொல்லை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்று ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டால் நல்லதில்லையா? பொருளை வைத்தா, தோற்றத்தை வைத்தா, செய்முறையை வைத்தா?

#6 கரிக்கோல்

"பூச்சிச் சாயம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போ பூச்சி வந்துவிட்டது! :)

சரி, விளையாட்டு போகட்டும். நான் சொன்ன மூலக்கருத்து நகல் என்பது. 1565இலிருந்து மணிலா கப்பல்கள் மெக்சிகோவுக்கு ஆசியச் சரக்கு கொண்டுவந்தன. அதில் ஜப்பான் அரக்குப் பெட்டிகள் உண்டு, சிப்பி பதித்தவை. 17ஆம் நூற்றாண்டில் பாஸ்தோவில் திடீரென்று என்ன தலைகாட்டுகிறது? "பர்னிஸ் பிரிஜாந்தே", மினுங்கும் பர்னிஸ். ஒளி ஊடுருவும் சவ்வுகளுக்கு நடுவே வெள்ளித் தகட்டை வைத்து, சிப்பி மாதிரி மின்ன வைக்கிற வேலை. பொகோட்டாவிலும் கித்தோவிலும் இருந்த சீமான்களுக்கு ஆசியப் பெட்டி வேண்டும், கிடைக்கவில்லை, பாஸ்தோக்காரர் செய்து கொடுத்தார். அரக்கைப் பார்த்துச் செய்தால் அது அரக்கு வேலை. முடிந்தது.

#7 தூரிகைத்தூசி

முடியவில்லை.

தங்கமுலாம் பூசிய பித்தளை தங்கமாகிவிடாது. ஜப்பானைப் பார்த்துச் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம், அப்படியும் அது அரக்கு இல்லை. ஸ்பானியர் வருமுன்னரே நரினோ பகுதிக் கல்லறைகளில் மோப்பா-மோப்பாவில் செய்த மணிகள் கிடைத்திருக்கின்றன. புப்பியாலெஸ் பக்கம் தோண்டி எடுத்தவை. அந்த மணியைக் கோத்தவர் எந்த மணிலா கப்பலைப் பார்த்தார்?

மொட்டுப்பிசினை இளக்கி, நிறமேற்றி, வடிவம் தரும் அறிவு முழுக்க உள்ளூர். 17ஆம் நூற்றாண்டில் வந்தது புது வாடிக்கையாளரும் வெள்ளித் தகடும்.

மஞ்சாடி அக்கா, அர்த்தமெல்லாம் அகராதிக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே பொருள் தப்பு.

#8 பழையசட்டகம்

செப்பனிடும் கோணத்திலிருந்து ஒரு வார்த்தை. இந்தப் பெயர்ச் சண்டை வெட்டிச் சண்டை இல்லை. பெயர் தப்பினால் பெட்டி போய்விடும்.

பிரெஞ்சு பாலிஷ் போடுகிற ஆசாரியைக் கேளுங்கள். செல்லாக் என்கிற பூச்சியரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் கரையும், காய்ந்த பிறகும் ஸ்பிரிட் பட்டால் இளகும். மோப்பா-மோப்பா அப்படி இல்லை, பெரும்பாலான கரைப்பான்களுக்கு அசைந்து கொடுக்காது. ஆனால் சூட்டுக்கு இளகும். ஜப்பானின் மரப்பால் அரக்கான உருஷி நேரெதிர்: திரவமாகத் தூரிகையில் பூசி, ஈரப்பதமான அலமாரியில் வைத்தால்தான் இறுகும், இறுகிய பிறகு சூட்டுக்கு லேசில் மசியாது. மூன்றுக்கும் "அரக்கு" என்று ஒரே சீட்டு ஒட்டி வைத்தால், அடுத்தவர் எந்தப் பெட்டியைச் சூடான விளக்கின் கீழ் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

பழைய பாஸ்தோ பெட்டிகளில் பழுது வருவதும் தனி மாதிரி. மரம் நாருக்குக் குறுக்கே சுருங்கும், சவ்வு கூடவே சுருங்காது. அதனால் பலகை இணைப்பு ஓடும் கோட்டில் சவ்வு பிளக்கும். மினுங்கும் வகையில் வெள்ளித் தகடு சவ்வுக்கு உள்ளே அடைபட்டிருப்பதால் கறுக்காமல் இருக்கிறது. மேல்சவ்வு உதிர்ந்த இடத்தில் மட்டும் கறுக்கும். ஒரே இலையில் பாதி வெள்ளையாகவும் பாதி கரியாகவும் தெரிந்தால் காரணம் இதுதான், அழுக்கு என்று தேய்க்கப் போகாதீர்கள்.

#9 தூரிகைத்தூசி

கேட்டுக்கொண்டீர்களா கரிக்கோல்? அரக்கு இல்லை.

#10 கரிக்கோல்

கேட்டேன். பழையசட்டகம் ஐயா ஒன்றை மட்டும் மறைத்துவிட்டார்.

இன்றைக்குப் பாஸ்தோ பட்டறைகளில் சவ்வு ஒட்டி முடித்ததும் கடைசியாக என்ன செய்கிறார்கள்? மேலே பாதுகாப்புக்கு லக்கர் அடிக்கிறார்கள். லக்கர். தமிழில் அதற்கு என்ன பெயர் சார்? அ-ர-க்-கு.

#11 தூரிகைத்தூசி

அது தொழிற்சாலை டப்பாவில் வருகிற மேல்பூச்சு. அதைச் சுரண்டினாலும் பூ இருக்கும், கிளி இருக்கும். மோப்பா-மோப்பாவைச் சுரண்டினால் வெறும் மரம்தான் மிஞ்சும். புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் அட்டை போட்டால் அது பிளாஸ்டிக் புத்தகமா?

மேலும் அந்த மேல்பூச்சே பிற்காலப் பழக்கம். 17ஆம் நூற்றாண்டுப் பெட்டிகள் சவ்வின் சொந்தப் பளபளப்பில்தான் நிற்கின்றன. நியூயார்க்கில் ஹிஸ்பானிக் சொசைட்டியிடம் ஒரு கையெழுத்துப் பெட்டி இருக்கிறது, 1684 வாக்கில் செய்தது, பொப்பயான் ஆயரின் குலச்சின்னம் போட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விலங்கு, பழம், பறவை எல்லாமே வெட்டி ஒட்டிய ஓரம். தூரிகை ஓரம் கரையும், வெட்டு ஓரம் நறுக்கென்று நிற்கும்.

#12 வன்னிமரம்

ஏனப்பா இப்பிடிக் குத்துப்படுறியள்? நாணல்குச்சி கேட்டது கொலம்பிய ஓவியம் எப்ப தொடங்கினது எண்டு. நீங்கள் ரெண்டு பேரும் ஒரு பெட்டியைப் பிடிச்சு இழுக்கிறியள். அந்தப் பிசின் கூட இவ்வளவு இழுபட்டிராது.

#13 கரிக்கோல்

வன்னிமரம் சொல்வது சரி. ஓவியத்துக்கே வருகிறேன். தூரிகைத்தூசி தன் வாயால் சொன்னது: தூரிகை இல்லை, வெட்டி ஒட்டுவது. அப்போ அது ஓவியமே இல்லை, ஒட்டுவேலை. ஓவிய வரலாற்றுக் கணக்கிலிருந்து அது தானாகவே கழிந்துவிட்டது. மிச்சம் சாமி படங்கள். அதிலும் முதல் பெயர் பெற்ற படம் 1562 வாக்கில் அலோன்சோ தெ நார்வாயெஸ் துங்காவில் வரைந்த சிகின்கிரா மாதா. ஸ்பெயின்காரர் கேன்வாஸில் வரைந்த எண்ணெய் ஓவியம். இதில் கொலம்பியா எங்கே?

#14 தூரிகைத்தூசி

ஒரு வரியில் ரெண்டு பிழை. சாதனைதான்.

எண்ணெய் இல்லை, டெம்பரா, அதாவது பசையில் குழைத்த நிறம். கேன்வாஸ் இல்லை, உள்ளூர்ப் பழங்குடிகள் நெய்த பருத்திப் போர்வைத் துணி. கொலம்பியா எங்கே என்று கேட்டீர்கள், துணியிலேயே இருக்கிறது. அந்தத் துணி உயரத்தைவிட அகலம் அதிகம். மாதாவை நடுவில் வரைந்த பிறகு இரண்டு பக்கமும் இடம் மிஞ்சியது. அந்த இடத்தை நிரப்பத்தான் ஒரு பக்கம் பதுவை அந்தோனியார், மறு பக்கம் அந்திரேயா. படம் கேட்டவர் பெயர் அந்தோனியோ, படத்துக்கு ஏற்பாடு செய்த துறவி பெயர் அந்திரேஸ். உள்ளூர்த் தறி போட்ட அகலம்தான் படத்தின் அமைப்பையே முடிவு செய்தது.

டெம்பரா என்பதால்தான் அடுத்த கதையும். கூரை ஒழுகிய சிற்றாலயத்தில் மாட்டியிருந்தார்கள். எண்ணெய் நிறமாக இருந்திருந்தால் ஈரத்தை ஓரளவு தாங்கும். டெம்பராவில் நிறத்தைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தில் விட்டுக்கொடுக்கும், அடியில் பருத்தியோ தண்ணீரை உறிஞ்சும். படம் வெளிறி, யாரை வரைந்தது என்றே தெரியாமல் போனது. 1586 டிசம்பர் 26இல் தானாகப் புதுப்பித்துக்கொண்டது என்று பக்தர்கள் சொல்வதும் இந்தப் படத்தைத்தான்.

எண்ணெயையும் டெம்பராவையும் பிரிக்கத் தெரியாதவர் அரக்கையும் மோப்பாவையும் பிரிப்பார் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

#15 கரிக்கோல்

தனிநபர் தாக்குதலைத் தொடங்கியது யார் என்று மட்டுறுத்துநர் குறித்துக்கொள்ளவும். இதே ஆசாமிதான் பெரு நாட்டு மரக்கோப்பை இழையிலும் எல்லோரையும் விரட்டினார்.

டெம்பரா என்பதை ஒப்புக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அதை அப்புறம் பார்க்கலாம். பாஸ்தோ அரக்குக்குத் திரும்புகிறேன்.

#16 தூரிகைத்தூசி

பாஸ்தோவில் அரக்கு இல்லை.

பெரு இழையை நீங்களே இழுத்ததற்கு நன்றி. அந்தக் கோப்பைகள் பெயர் கெரோ. மரத்தில் செதுக்கிய பள்ளத்தில் நிறப் பிசினை அமுக்கி நிரப்பியவை. அமெரிக்க அருங்காட்சியகங்களின் செப்பனிடுநர்கள் சோதித்தபோது அதில் நிறத்தைப் பிடித்திருப்பது மோப்பா-மோப்பா வகைப் பிசின் என்று தெரிந்தது. அதாவது ஜப்பான் பெட்டி ஒன்றையும் காணாத கைகளிடமும் இந்தப் பிசின் இருந்தது.

#17 பழையசட்டகம்

இங்கே கொஞ்சம் கவனம். எலியேஜியா பேரினத்தில் பல இனங்கள் உண்டு. கெரோவில் இருப்பது பாஸ்தோவிலிருந்து போன பிசின்தான் என்று அதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. தவிர, பல நிறக் கெரோக்களில் பெரும்பாலானவை ஸ்பானியர் வந்த பிறகு செய்தவை.

#18 கரிக்கோல்

ஆகா! கூட்டணி உடைந்தது.

#19 தூரிகைத்தூசி

எந்தக் கூட்டணியும் இல்லை. எந்தக் காட்டு எலியேஜியா என்பதுதான் அவர் கேள்வி. அரக்கா என்பது அவர் கேள்வியே இல்லை. எந்தக் காடாக இருந்தாலும் பூச்சி கிடையாது.

#20 வன்னிமரம்

சரி, "ஒட்டுவேலை எண்டால் ஓவியமில்லை" எண்டு கரிக்கோல் சொன்னதுக்கு நான் ஒண்டு கேக்கிறன். பெயாத்ரிஸ் கொன்சாலெஸ் 1970இல என்ன செய்தவ? கடையில வித்த இரும்புக் கட்டில். மெத்தை இருக்க வேண்டிய இடத்தில உலோகத் தகடு. தகட்டில மொன்செராத்தே மலையின்ர விழுந்த இயேசு, வீட்டுக் கதவுக்கு அடிக்கிற எனாமல் பெயின்டால வரைஞ்சது. கொலம்பிய ஓவிய வரலாறு எழுதின எவரும் அந்தக் கட்டிலை விட்டிட்டு எழுதுறேல்லை. கட்டில் ஓவியம் எண்டால் பெட்டி ஏன் ஓவியம் இல்லை?

ஒஸ்கார் முன்யோஸ் 1995இல செய்த "மூச்சு" எண்ட வேலை இன்னும் மோசம். உருண்டையான உலோகத் தட்டுகள், கண்ணாடி மாதிரி மினுக்கினது. அதில இறந்துபோன ஆக்களின்ர முகத்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பால அச்சடிச்சிருக்கு. நீங்கள் கிட்டப் போய் ஊதினால், கொழுப்பு இல்லாத இடத்தில மூச்சு ஈரம் படியும், முகம் தெரியும். ஈரம் போக முகமும் போகும். தூரிகையும் இல்லை, நிறமும் இல்லை.

#21 கரிக்கோல்

எனாமலைத் தூரிகையில்தானே அடித்தார்? கேள்விக்கே பதில் அதில் இருக்கிறது. தூரிகை தொட்டது ஓவியம். முன்யோஸ் செய்தது அச்சுவேலை, அதை நான் ஓவியம் என்று எங்கும் சொல்லவில்லை.

போட்டேரோவைக் குறை சொல்கிறவர்கள் அந்த மாண்டலினை முதலில் பார்க்க வேண்டும். 1956, மெக்சிகோ நகரம். மாண்டலின் உடம்பை வழக்கமான அளவில் வரைந்துவிட்டு நடுத்துளையை மட்டும் சின்னதாகப் போட்டார். அவ்வளவுதான், வாத்தியம் பூதாகாரமாக ஊதிக்கொண்டது. ஒரு துளையின் விட்டத்தைக் குறைத்ததில் ஒரு பாணி பிறந்தது. 1959இல் "பன்னிரண்டு வயது மோனாலிசா", 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதை வாங்கியது. உங்கள் பாஸ்தோ அரக்குப் பெட்டியால் இது முடிந்ததா?

#22 நாணல்குச்சி

போட்டேரோ குண்டு மனிதர்களை வரைந்தவர், நல்லவர், வாழ்க. ஆனால் 2000இல் அவர் பொகோட்டாவுக்கு 208 படைப்புகளைத் தூக்கிக் கொடுத்தபோது அதில் அவருடையவை 123தான். மீதி 85 அடுத்தவர்களுடையவை. தனக்கு முன்னால் ஓவியம் இருந்தது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. உங்களுக்குத்தான் தெரியவில்லை.

#23 தூரிகைத்தூசி

"போட்டேரோ" இல்லை, "போதேரோ". ஸ்பானிய "த" நாக்கு பல்லைத் தொடும் ஒலி. தமிழில் கச்சிதமாக இருக்கிற எழுத்தை விட்டுவிட்டு ஆங்கிலக்காரன் வாயைக் கடன் வாங்குகிறீர்கள்.

"குண்டு மனிதர்கள்" என்பதும் தப்பு. தான் குண்டர்களை வரையவில்லை, கன அளவைத்தான் வரைகிறேன் என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பேரிக்காயும் வீங்கியிருக்கும், பூனையும் வீங்கியிருக்கும், மேசைக்கரண்டியும் வீங்கியிருக்கும். கரண்டிக்கு எங்கே கொழுப்பு?

#24 நாணல்குச்சி

நான் உங்கள் பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தேன் சார். எனக்கும் அடியா?

அப்படியானால் "பொகோட்டா"வை ஏன் விட்டுவைத்தீர்கள்? #6இல் கரிக்கோலும் #1இல் நானும் எழுதியிருக்கிறோம்.

#25 தூரிகைத்தூசி

பொகொத்தா. விட்டுப்போனது. #1இல் முத்திஸும் தவறு, மூதிஸ்.

#26 மஞ்சாடி

மூதிஸ் பற்றி யாராவது பேசுங்களேன், அது உண்மையிலேயே அழகான விஷயம். ஃப்ரான்சிஸ்கோ ஹவியேர் மாத்திஸ் போன்றவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு செடியையும் தாளின் முழு அளவுக்கு விரித்து, கீழே பூவின் உறுப்புகளைப் பிரித்து வரையச் செய்தார். ஒரு செடிக்கு நிறப்படம் ஒன்று, செப்புத்தகட்டில் செதுக்குபவருக்காக ஒற்றை நிறத்தில் கோட்டுப்படம் தனியாக. ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹும்போல்ட்டே மாத்திஸை உலகின் மிகச் சிறந்த பூ ஓவியர் என்று புகழ்ந்தார். பட்டறையை நிர்வகித்த சல்வதோர் ரிசோவை 1816இல் சுட்டுக் கொன்றார்கள். படங்களை நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் அடைத்து மாட்ரிட்டுக்கு அனுப்பினார்கள். 1954 வரை அச்சேறாமலே கிடந்தன.

#27 கரிக்கோல்

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. பாஸ்தோ பெட்டிக்கு வருவோம்.

ஹும்போல்ட் பெயரை எடுத்தீர்கள் அக்கா. 1801 கடைசியில் அவர் பாஸ்தோ வழியாகப் போனார், இந்த வேலையையும் குறித்தார். அவர் என்ன சொல்லில் எழுதினார்? வார்னிஷ். அவர் தாவரவியல் தெரியாதவரா? அவருக்கு வார்னிஷ், ஊர்க்காரருக்கு பர்னிஸ், எனக்கு அரக்கு. தூரிகைத்தூசிக்கு மட்டும் தூசி.

#28 தூரிகைத்தூசி

வார்னிஷும் அரக்கும் ஒன்று என்று இப்போது புதிதாக ஒரு தப்பு. ஸ்பானியர் வந்து பார்த்தபோது கண்ணுக்குப் பளபளப்பு பட்டது, கையிலிருந்த சொல்லை ஒட்டிவிட்டுப் போனார்கள். தக்காளிக்கு இத்தாலிக்காரன் "தங்க ஆப்பிள்" என்று பெயர் வைத்தான், அதற்காக அதைத் தட்டான் கடையில் விற்கிறார்களா?

2020இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகள் பட்டியலில் இதைச் சேர்த்தபோது பெயரிலேயே "மோப்பா-மோப்பா" என்று போட்டது. காடு போகிறவர், பிசின் வேலைக்காரர், மரம் கடைகிறவர் என்று மூன்று தொழில்களையும் சேர்த்தே அங்கீகரித்தது. காட்டுமரம் குறைந்தால் மொட்டு இல்லை, மொட்டு இல்லையென்றால் சவ்வு இல்லை. அரக்காக இருந்தால் வேறு மரத்தில் பூச்சியை விட்டு வளர்த்துக்கொள்ளலாமே!

#29 பழையசட்டகம்

மஞ்சாடி அம்மா, மூதிஸ் படங்களை நீர்வண்ணம் என்று பலர் எழுதுகிறார்கள். டெம்பரா என்பது பொருத்தம். நிறம் ஒளி ஊடுருவாமல் கனமாக நிற்கும். இதையும் சண்டையாக்காதீர்கள், தகவலுக்காகச் சொன்னேன்.

பாஸ்தோவில் வெள்ளை நிறம் பற்றி யாரும் பேசவில்லை. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய பாஸ்தோ பொருள்களைச் சோதித்தபோது வெள்ளைக்குக் கலோமெல் பயன்பட்டிருப்பது தெரிந்தது. பாதரசமும் குளோரினும் சேர்ந்த உப்பு. மருந்துக்கடைச் சரக்கு. ஓவியர்கள் வெள்ளைக்கு வழக்கமாக எடுப்பது ஈய வெள்ளை. கலோமெல் வெளிச்சம் பட்டால் கறுக்கும் குணமுள்ளது, அதனால் காட்சியில் வைக்கும்போது வெளிச்ச அளவு குறைவாக இருக்க வேண்டும்.

#30 வன்னிமரம்

பாதரசத்தைக் கலந்து பல்லால கடிச்சு இழுத்தவையா? ஐயோ.

#31 கரிக்கோல்

கலோமெல் ஜப்பானில் முகப்பூச்சுக்குப் பழக்கமானது! இசே ஊரில் வெள்ளைப் பொடியாகச் செய்தார்கள். பார்த்தீர்களா, ஜப்பான் மறுபடி வந்துவிட்டது. அரக்கு.

#32 தூரிகைத்தூசி

முகப்பூச்சிலிருந்து அரக்குக்குத் தாவியதைப் பார்த்து மூச்சே நின்றுவிட்டது. ஸ்பானிய அமெரிக்காவில் பாதரசத்துக்கு என்ன பஞ்சம்? பெருவின் உவான்காவெலிகாவில் சுரங்கமே இருந்தது. வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பாதரசம் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. அதற்குப் பசிபிக்கைத் தாண்ட வேண்டிய அவசியம் இல்லை.

#33 மட்டுறுத்துநர்

தனிநபர் வசை வேண்டாம். தலைப்பு கொலம்பிய ஓவியம். ஊர்ப்பெயர் உச்சரிப்புக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே போங்கள். #15இல் கேட்டுக்கொண்டபடி #14இன் கடைசி வரியைப் பார்த்தேன். காரம்தான், விதிமீறல் இல்லை.

#34 கரிக்கோல்

விதிமீறல் இல்லையாம். யாருக்கு யார் வேண்டியவர் என்று தெரிகிறது.

அரக்கு மாளிகையில் படுத்த ஆள் மாதிரி அந்த ஒரு சொல்லுக்கு ஒருவர் 33 பதிவாகப் பதறிக்கொண்டிருக்கிறார். நான் எழுதியது எழுதியதுதான். என் பதிவில் ஒரு எழுத்தும் மாற்றமாட்டேன். வேண்டுமானால் "பாஸ்தோ அரக்கு" என்று ஒற்றை மேற்கோள்குறி போட்டுக்கொள்கிறேன்.

#35 மஞ்சாடி

மேற்கோள்குறி போட்டால் பாதி சமாதானம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#36 தூரிகைத்தூசி

கூடாது. மேற்கோள்குறிக்குள் இருந்தாலும் பூச்சி பூச்சிதான்.

தவிர அவர் போட்டிருப்பது இரட்டை மேற்கோள்குறி.